விடுப்பு யார் கேட்டது?

அரசு வேலையில் இருக்கும் ஒருவரை மருத்துவக் குழு சோதித்துப் பார்க்கிறது. 'இந்த வேலைக்கு இவர் உடல் தகுதியற்றவர்' என்று எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு பழைய வேலையில் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மாற்று வேலையும் உடனே வராது. நீக்கிவிட்டோம் என்று ஆணையும் வராது. இந்த நடுக்காலத்தில் அலுவலகம் அவரிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: 'சம்பளமில்லா லீவு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாத்துக்கலாம்.' அவரும் எழுதிக் கொடுக்கிறார். 'எனக்கு விடுப்பு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று அந்தத் தாளில் இருக்கிறது. கீழே அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

அந்த விடுப்பைக் கேட்டது உண்மையில் யார் என்பதுதான் என் கேள்வி.

இது சங்கக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய சர்வீஸ் விவகாரம், இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். ஒரு மனிதன் தன் வீட்டு உலை கொதிக்காமலிருக்கத் தானே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறான். அதை அவனுடைய சொந்த விருப்பம் என்று கோப்பில் சேர்த்து வைக்கிறார்கள். இது வெறும் விதிப் பிரச்சினை இல்லை. சம்மதம் என்றால் என்ன, கடமை யாருடையது, உழைத்துத் தேய்ந்த உடம்புக்கு யார் பொறுப்பு என்ற அறப் பிரச்சினை. சம்மதிக்கிறாயா என்று தலைமுறைகளாகக் கேட்கப்படாமலேயே வேலை வாங்கப்பட்டவர்கள் நாம். இதை நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

முதலில் சொற்களைப் பார்ப்போம். அரசு வேலை செய்பவரை 'அரசு ஊழியர்' என்கிறோம். ஊழியம் என்ற சொல்லுக்குப் புதுக்கோட்டைச் சீமையில் தனி வரலாறு உண்டு. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை இது தொண்டைமான்களின் சமஸ்தானம். இங்கே ஊழியம் என்றால் அரண்மனைக்கும் கோயிலுக்கும் செய்தே தீர வேண்டிய கட்டாய வேலை. இன்னொரு சொல் 'வெட்டி'. கூலியில்லாமல் வாங்கப்பட்ட வேலைக்குப் பெயர் அது. கல்வெட்டுகளிலேயே வரியோடு வரியாக இந்தச் சொல் வருகிறது. இன்று அதே சொல்லுக்கு என்ன பொருள்? சும்மா இருப்பவன், வேலை செய்யாதவன். 'வெட்டிப் பய' என்று வைகிறார்கள். கூலி வாங்காமல் உழைத்தவனின் பெயர், உழைக்காமல் திரிபவனுக்கு வசவாகிப் போயிற்று. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மொழியும் மேலே இருப்பவன் சொல்படிதான் கணக்கு எழுதியிருக்கிறது.

இந்தச் சொற்களோடு 'விடுப்பு' என்ற சொல்லையும் வைத்துப் பாருங்கள். விடுப்பு என்றால் வேலையிலிருந்து தற்காலிகமாக விடுபடுவது. விடுபட்டவன் திரும்பி வருவான், அவனுக்கு அந்த இடம் காத்திருக்கும் என்பது அதன் உள்ளர்த்தம். தங்கை கல்யாணத்துக்கு, தாயைப் பார்த்துக்கொள்ள, காய்ச்சல் தெளியும்வரை எடுப்பதெல்லாம் விடுப்பு. இனி அந்த வேலைக்கு நீ வரவே கூடாது என்று எழுதி வாங்கிய பிறகு, அந்த வேலையிலிருந்து எப்படி விடுப்பு எடுக்க முடியும்? கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, 'வீட்டுக்குள் வர விருப்பமில்லை' என்று எழுதி வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இலுப்பூரில் எனக்குச் சித்தப்பா முறை வேண்டும் ஒருவர் அரசுத் துறை ஒன்றில் ஜீப் ஓட்டுநர். சர்க்கரை நோயில் பார்வை மங்கிப்போய், வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்கும் இலுப்பூருக்குமாக அலைந்துவிட்டு ஒருநாள் என்னிடம் வந்தார். "தம்பி, நீதான் தமிழ் எம்.ஏ. படிச்ச புள்ளயாச்சே. ஆபீசருக்கு மனசு எரங்குற மாதிரி லீவு லெட்டர் ஒண்ணு எழுதிக் குடு" என்றார். எத்தனை நாளைக்கு லீவு என்றேன். "அது அவுகளுக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு அவரே சொன்னார்: "நான் என்ன காட்டு வேலைக்குப் போறதுக்கா லீவு கேக்குறேன்? வண்டிச் சாவிய அவுகதானே வாங்கி வச்சுக்கிட்டாக."

இந்தப் பிரச்சினையை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லியதாக எனக்குத் தெரியவில்லை. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்களுடையதுதான் அந்தக் காலத்துக்கான பொறுப்பு. சாவியை வாங்கி வைத்துக்கொண்டவர்கள், ஓட்டாத நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்கிறார்கள்.

விதிகளில் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் 1933ஆம் ஆண்டு விடுப்பு விதிகள், மத்திய அரசில் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகள். ஈட்டிய விடுப்பு, மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு என்று எல்லாம் தீர்ந்த பிறகு கடைசியாக இருப்பது ஊதியமில்லா அசாதாரண விடுப்பு. மத்திய அரசு விதியில் ஒரு நிபந்தனை உண்டு. வேறு விடுப்பு எதுவும் கணக்கில் இல்லாதபோது இதைத் தரலாம். வேறு விடுப்பு இருக்கும்போது இதைத் தர வேண்டுமென்றால் ஊழியரே எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும். விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, சுயபுத்தியுள்ள எவரும் காரணமில்லாமல் சம்பளத்தை விடமாட்டார்கள் என்று. அதனால்தான் எழுத்து கேட்கிறார்கள். ஊழியருக்குப் பாதுகாப்பாக வைத்த நிபந்தனை அது. நடைமுறையில் அது அலுவலகத்துக்குப் பாதுகாப்பாகிவிடுகிறது. 'அவரே கேட்டுத்தானே கொடுத்தோம்' என்று சொல்ல ஒரு தாள் கிடைத்துவிடுகிறது. அந்தத் தாளில் மருத்துவக் காரணம் எழுதாமல் 'சொந்தக் காரணம்' என்று எழுதிவிட்டால் இன்னொரு இழப்பும் சேரும். மத்திய அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை மருத்துவச் சான்றோடு எடுத்த அசாதாரண விடுப்பு ஓய்வூதியக் கணக்கில் சேரும். சான்றில்லாமல் எடுத்தது பொதுவாகச் சேராது. ஒரு சொல்லில் வயதான காலத்துச் சோறும் போகிறது.

ஆனால் இந்த இடைக்காலமே இருக்கக்கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. 1995ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஊனமுற்றோர் சட்டத்தின் 47ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4)ஆம் பிரிவும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. பணியில் இருக்கும்போது ஊனமடைந்த ஊழியரை நீக்கக்கூடாது, பதவி குறைக்கக்கூடாது. பார்த்த வேலைக்கு அவர் பொருந்தவில்லை என்றால் அதே ஊதிய விகிதத்தில், அதே சலுகைகளோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லையென்றால், அலுவலக மொழியில் 'சூப்பர்நியூமரரி' என்று சொல்லப்படும் கூடுதல் பணியிடத்தில் அவரை வைத்திருக்கலாம். பொருத்தமான இடம் வரும்வரை, அல்லது ஓய்வு வயது வரும்வரை. இந்தப் பட்டியலில் ஊதியமில்லா விடுப்பு எங்கேயும் இல்லை.

குணால் சிங் என்ற காவலர் மத்திய அரசின் சிறப்புப் பணியகத்தில் வேலை பார்த்தவர். பணியில் அடிபட்டு இடது காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவக் குழு தகுதியற்றவர் என்றது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுதான் இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோமே என்பது அரசின் வாதம். 2003இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஓய்வூதியம் தருவதால் 47ஆம் பிரிவின் உரிமை இல்லாமல் போகாது என்றது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பகவான் தாஸ் வழக்கு. பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் கடைநிலை ஊழியர் அவர். 1994 ஜனவரியில் முழுப் பார்வையும் போய்விட்டது. வேலைக்குப் போக முடியவில்லை. வாரியம் கடிதம் எழுதிக் கேட்டது. 1996 ஜூலையில் அவர் பதில் எழுதினார்: எனக்குப் பார்வை இல்லை, என்னை ஓய்வு பெற விடுங்கள், என் மனைவிக்கு ஒரு வேலை கொடுங்கள். 47ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. வாரியம் கடிதத்தை ஏற்றுக்கொண்டு 1997 மார்ச்சில் ஓய்வு கொடுத்தது. பிறகு அவர் நீதிமன்றம் போனபோது, 'அவரே கேட்டுப் போனவர்தானே' என்பதுதான் எதிர்வாதம்.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: அவர் எழுதிய கடிதத்தை அவருக்கு எதிராக வைக்க முடியாது. சட்டம் தனக்கு என்ன பாதுகாப்பு தந்திருக்கிறது என்று தெரியாமல் எழுதியது அது. அதை அவருக்கு எடுத்துச் சொல்வது மேலதிகாரிகளின் கடமை. அவர் பணியில் தொடர்வதாகவே கருதிச் சலுகைகளைக் கொடுங்கள்.

கையெழுத்து இருந்தால் சம்மதம் இருக்கிறது என்ற பொதுப்புத்தி இந்த இடத்தில் உடைகிறது. சம்மதம் என்றால் குறைந்தது இரண்டு வேண்டும். வேறு வழி இருக்க வேண்டும். அந்த வழி இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அது சம்மதம் ஆகாது, கதியில்லாமல் போட்ட கையெழுத்து. வழி தெரிந்த அதிகாரி வாயை மூடிக்கொண்டு, வழி தெரியாதவனிடம் எழுதி வாங்கினால் அதை ஏமாற்று என்று சொல்ல நமக்கு ஏன் கூச்சம்?

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குக் கையெழுத்தின் அருமை தெரியும். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது பாறைக்குழியில் கல் உடைத்த பெண்கள் ராத்திரியில் சிலேட்டு பிடித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். கைநாட்டு வைத்த விரல் பெயர் எழுதியது. அது நம் வரலாற்றில் சின்ன விஷயம் இல்லை. ஆனால் பெயர் எழுதப் பழகியது பாதி வேலைதான். பெயருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது மீதிப் பாதி. கைநாட்டுக் காலத்தில் 'எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் வாங்கிக்கிட்டாங்க' என்று வாதாடவாவது முடிந்தது. கையெழுத்துக் காலத்தில் அந்த வாதமும் இல்லை.

இனி எதிர்த் தரப்பு. அதில் நியாயம் உள்ளவற்றை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

முதல் வாதம்: பார்வை சரியில்லாதவர் கையில் வண்டியைக் கொடுக்க முடியுமா? முடியாது. கொடுக்கவும் கூடாது. வண்டியில் ஏறுகிற சனத்தின் உயிரும் உயிர்தான். தகுதிச் சோதனையே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஊர் உயிரைக் காப்பாற்றத்தான் ஒருவரை அந்த இருக்கையிலிருந்து எழுப்புகிறோம் என்றால், அந்தப் பாதுகாப்பின் பலன் ஊருக்கெல்லாம் கிடைக்கிறது. செலவை மட்டும் எழுந்தவர் ஒருத்தர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். அந்தப் பெண்ணின் உழைப்பால் முதலாளி லாபம் அடைகிறார், அவளுக்குக் கிடைக்கும் ஓய்வால் தேசம் நன்மை அடைகிறது, ஆகவே சுமையில் அரசுக்கும் பங்கு உண்டு என்பது அவருடைய வாதத்தின் போக்கு. பிள்ளைப்பேறு வேறு, நோய் வேறு. ஆனால் உழைக்கிற உடம்பின் செலவு உழைக்கிறவரின் சொந்தச் செலவு மட்டும் இல்லை என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இரண்டாவது வாதம்: வேலை செய்யாதவருக்கு மக்கள் வரிப்பணத்தில் சம்பளமா? அவர் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. பதிவறையில் உட்காரச் சொன்னால் உட்காருவார், தபால் பிரிக்கச் சொன்னால் பிரிப்பார். சட்டம் வேறு வேலை கொடு என்கிறது, கொடுக்காதது நிர்வாகம். அதன் தாமதத்துக்கு இவர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? 2025 ஆகஸ்டில் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. நிறக்குருடு என்று சொல்லி அவரை 2016இல் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மாற்று வேலைக்கு உண்மையாக முயற்சி எடுக்காமல் அனுப்பியது தவறு, பொருத்தமான வேலை கொடுங்கள் என்று உத்தரவிட்டது நீதிமன்றம். ஆனால் இடைக்காலச் சம்பளத்தில் அவருக்குக் கிடைத்தது 25 சதவீதம்தான். நியாயம் கிடைத்தபோதும் முக்கால் பங்குச் சம்பளம் அவருக்குத்தான் நட்டம்.

மூன்றாவது வாதம் நம் தோழர்களிடமிருந்தே வருகிறது. 'உழைக்காமல் வாங்குற காசு எனக்கு வேண்டாம், சுயமரியாதைக்கு இழுக்கு' என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதை நான் மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. உழைத்தும் வாங்காமல் போனவர்கள் நம் பாட்டன்மார்கள். அந்தப் பாக்கியை யாரும் கேட்கவில்லை. சுயமரியாதை என்பது உரியதைக் கேட்டு வாங்குவதில்தான் இருக்கிறது. கருணையாக நீட்டினால் வாங்காதே, சரி. உரிமையாக வருவதைக் கூச்சப்பட்டு விட்டுக்கொடுத்தால் நட்டம் உனக்கு மட்டும் இல்லை, உனக்குப் பின்னால் வரப்போகிறவனுக்கும்தான்.

எல்லோருக்கும் ஒரே விதிதானே, இதில் தலித் எங்கே வந்தார் என்று கேட்பவர்கள் உண்டு. விதி ஒன்றுதான், அது வந்து விழுகிற தரை வேறு. நிலம் உள்ள வீட்டில் ஆறு மாதச் சம்பளம் நின்றால், நெல்லோ கடலையோ விற்றுச் சமாளிப்பார்கள். வாடகை வரும் வீட்டில் அதுவும் தேவையில்லை. சேரியில் முதல் தலைமுறையாக ஒருத்தர் அரசு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளத்தில் நிற்பது ஒரு குடும்பம் இல்லை. தம்பி படிப்பு, அக்கா மகள் சடங்கு, அம்மா ஆஸ்பத்திரி, கூட்டுறவுச் சங்கக் கடன், சீட்டுப் பணம் எல்லாம் அதில்தான். அந்தச் சம்பளம் நின்றால் கந்துவட்டி வாசலுக்கு வந்துவிடும். வானம் பார்த்த பூமியான இலுப்பூர்ப் பக்கத்தில் கூலி வேலையும் வருஷம் முழுக்கக் கிடைக்காது. எல்லாவற்றையும்விட, 'கவர்மெண்டு உத்தியோகக்காரன்' என்ற பெயரால் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தவர், பகலில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை ஊர் பார்க்கிறது. அந்தப் பார்வைக்கு எந்த விடுப்பு விதியிலும் ஈடு கிடையாது.

'தகுதி' என்ற சொல்லுக்கு வருகிறேன். 1890களில் ஆங்கில அரசு போர்க்குடி, போர்க்குடியல்லாதவர் என்று சாதிகளைப் பிரித்தது. மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தியது. அதே பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர் அம்பேத்கரின் அப்பா. அன்று ஒரு மக்கள் கூட்டத்தின் உடம்பே தகுதியற்றது என்றார்கள். 1990இல் மண்டல் அறிவிப்பு வந்தபோது மூளை தகுதியற்றது என்றார்கள். தகுதி, திறமை என்று தெருவில் இறங்கினார்கள். இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர் அலுவலகத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து இந்தச் சொல்லைக் காதில் கேட்டபடியே வேலை பார்க்கிறார். கடைசியில் மருத்துவக் குழுத் தாளிலும் அதே சொல் வருகிறது. மருத்துவர் அதைக் கெட்ட நோக்கத்தில் எழுதவில்லை. ஆனால் படிப்பவர் காதில் பழைய குரலும் சேர்ந்தே கேட்கிறது. அதனால்தான் நம் ஆட்கள் பலர் சண்டை போடாமல் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள். 'தகுதியில்லேன்னு எழுதியாச்சு, அப்புறம் என்ன பேசுறது?'

பேச இருக்கிறது. தகுதி என்பது ஒரு மனிதனுக்கும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கும் இடையிலான கணக்கு. வேலையை மாற்றினால் கணக்கும் மாறும். தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வான முகமது இப்ராகிமை நிறக்குருடு என்று சொல்லி நிறுத்தி வைத்தார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம், அவர் செய்யக்கூடிய பிரிவில் வைத்து வேலை கொடுங்கள் என்றது. சட்டத்தின் ஊனப் பட்டியலில் நிறக்குருடு இல்லாதபோதும் இப்படிச் சொன்னது. மனிதனை வேலைக்கு ஏற்ப வெட்டுவதா, வேலையை மனிதனுக்கு ஏற்பச் சற்று நகர்த்துவதா என்ற கேள்வியில் நீதிமன்றம் இரண்டாவதைத் தேர்ந்தது.

இவ்வளவும் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் கதை. குப்பை அள்ளுகிற, சாக்கடை சுத்தம் செய்கிற நம் சனத்தில் பெரும்பகுதி இன்று ஒப்பந்தக்காரரின் கீழ் இருக்கிறது. அங்கே மருத்துவக் குழு கிடையாது. இடுப்பு போனால், மூச்சு இழுத்தால், 'நாளைக்கு வர வேணாம்' என்ற ஒரு சொல்தான் தகுதியிழப்பு ஆணை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்ததும், ராத்திரியில் அவர்களைக் கைது செய்து அகற்றியதும் நமக்குத் தெரியும். தனியாருக்குக் கொடுக்காதே, பணியைப் பறிக்காதே என்று அவர்கள் கேட்டதற்குள் இந்த உடம்புக் கேள்வியும் இருந்தது. உடம்பைத் தேய்க்கிற வேலை எதுவோ அந்த வேலையில்தான் உடம்புக்குப் பாதுகாப்பு இல்லை. இருக்கிறவர்களுக்கு இருக்கிற கொஞ்சப் பாதுகாப்பையும் 'விருப்ப விடுப்பு' என்று கையெழுத்துப் போட்டு நாமே கரைத்துவிட்டால், இல்லாதவர்களுக்காக எதைக் காட்டிக் கேட்பது?

ஊதியமில்லா விடுப்பை யாரும் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைத்தியம் பார்த்தால் தேறிவிடும், அதே வேலைக்குத் திரும்பலாம் என்று நம்பி, வேறு விடுப்பு தீர்ந்த நிலையில் ஒருவர் அதை எடுக்கலாம். அது அவருடைய முடிவு. அப்போதும் மருத்துவக் காரணத்தை எழுதி, சான்றை இணைத்து எடுக்க வேண்டும். திரும்ப முடியாது என்று மருத்துவக் குழு எழுதிய பிறகு நிலைமை வேறு. அங்கே விடுப்புக்கு வேலையே இல்லை.

சித்தப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்ததில் மனசு இரங்க வைக்கிற வார்த்தை எதுவும் இல்லை. மருத்துவக் குழுவின் முடிவு, அதன் தேதி, 'நான் பணிக்கு வந்துள்ளேன், என்னால் செய்யக்கூடிய வேலை தரப்படவில்லை' என்ற வாசகம், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20(4)ஆம் பிரிவின்படி அதே ஊதியத்தில் மாற்றுப் பணி, அதுவரை கூடுதல் பணியிடம். இவ்வளவுதான். 'என்னப்பா இது, வேண்டுகிறேன்னு ஒரு எடத்துல கூட இல்லையே, ஆபீசர் கோவிச்சுக்க மாட்டாரா' என்று பயந்தார். நகலில் முத்திரை வாங்க இரண்டு நாள் ஆயிற்று. வாங்கிவிட்டார். பதில் இனிமேல்தான் வர வேண்டும்.

இதை ஒரு மாதிரியாக மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம். சங்கங்களில் இருக்கும் தோழர்கள், எழுதத் தெரிந்த மாணவர்கள், தங்கள் தெருவில் இப்படி யாராவது விடுப்பு எழுத வந்தால், எழுதுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: சாவி யார் கையில் இருக்கிறது? சாவி அலுவலகத்தின் கையில் என்றால், கேட்க வேண்டியது விடுப்பு அல்ல, வேலை.